கொலைகாரனுக்குப் பெயர் போட்ட கதை

பழைய வீடியோ டேப்பைத் துடைத்து, மெருகேற்றி, புது டிவிடித் தட்டில் போட்டுத் தருகிற தொழிலில் இறங்கியவர்களுக்கு முதுகு வலி, வாடிக்கையாளர் என்று இரண்டு தீராத வியாதிகள். முதுகு வலிக்காவது தைலம் இருக்கிறது.

எங்கள் கடை பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு மசாலாக் கடைக்கு மேல்மாடி. கீழே மிளகாய் அரைத்தால் மேலே நாங்கள் தும்முவோம். படத்தைப் பிலோ என்கிற நான் பார்ப்பேன், சத்தத்தை ஜமால் அண்ணன் பார்ப்பார். கல்யாணம், சடங்கு, காவடி, சர்ச்சில் புதுநன்மை என்று ஊர்க்காரர்களின் டேப்பெல்லாம் எங்கள் மேஜைக்கு வரும். என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்கள் சிலராவது இதைப் படிப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், கோபமில்லை.

அந்தோணியின் ஒரே படம்

பினாங்கில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட எல்லோருக்கும் அந்தோணியைத் தெரியும். மண்டபத்தில் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துகிறவன். பிடித்த மைக்கை லேசில் விடமாட்டான். மாப்பிள்ளையின் கோட்டைவிட இவன் சட்டை அதிகமாக மின்னும். சின்ன வயதில் அவனும் நானும் ஒரே மறைக்கல்வி வகுப்பு, இன்றைக்கும் ஞாயிறு பூசைக்கு ஒரே மாதா கோயில். அவன் நடித்தது ஒரே ஒரு படம். தொண்ணூறுகளில் இங்கேயே எடுத்து, தியேட்டர் பக்கமே போகாமல் நேராக வீடியோக் கடைக்கு வந்த படம். லீவுக்குச் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்து பங்களாவுக்குப் போகிற காலேஜ் பிள்ளைகளை, சாக்கு முகமூடி போட்ட ஒருவன் வரிசையாகக் குத்துவான். கடைசியில் முகமூடியைப் பிடித்து இழுத்தால், அதுவரை கூடவே சிரித்துப் பேசித் திரிந்த அந்தோணி! படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். 'முகமூடிப் படம்' என்றால் எங்கள் வயதுக்காரர்களுக்குப் போதும்.

கடைகளில் வாடகைக்குப் போனதெல்லாம் நகலுக்கு நகல் எடுத்தது. பாதிப் படம் புள்ளி, மீதி இருட்டு. அசல் டேப்பை இயக்குநர் சாவதற்கு முன் அந்தோணியிடம் கொடுத்திருக்கிறார். அதைத்தான் துண்டில் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு படியேறி வந்தான். பெரிய டிவியில் போட்டால் கண்ணைப் பறிக்க வேண்டுமாம், ரசிகர்களுக்குத் தட்டு விற்க வேண்டுமாம். செலவு அவனுடையது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "அண்ணே, அந்தக் கொலைகாரன் மாதிரி நடந்து காட்டுங்க" என்று பிள்ளைகள் கேட்கிற பெருமையில் வாழ்கிறவன், பாவம். போகும்போது வாசலில் நின்று சொன்னான்:

“நல்லா கிளீனா வேணும் பிலோ. அந்தச் சாக்குக்குள்ள என் கண்ணு மட்டும் மின்னணும் லா.”

சாக்கில் எழுதியிருந்தது

சுத்தம் செய்யச் செய்யத்தான் சனியன் பிடித்தது. உங்களுக்கும் நடந்திருக்கும். அழுக்கு போனால் அழகு வரும் என்று நினைத்துத் துடைப்போம், அழுக்குதான் அழகாக இருந்தது என்று அப்புறம் தெரியும். இருட்டில் பயங்கரமாக இருந்த முகமூடி வெளிச்சத்தில் ஒரு அரிசிச் சாக்கு. உட்புறத்தை வெளியே திருப்பித் தைத்திருக்கிறார்கள். ஆனாலும் நெற்றிக்கு நேரே 'புழுங்கல்' என்ற எழுத்து தலைகீழாகத் தெரிகிறது. ரத்தம் என்று நாம் நம்பியது சிராப். குடிக்கிற அதே ரோஸ் கலர் சிராப். செத்துக் கிடக்கிற பெண்ணின் கழுத்தில் எறும்பு ஊர்கிறது, அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொறிகிறாள்.

தன் கல்யாண டேப்பை வாங்க வந்த ஒரு டீச்சர், என் மேஜைக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூட நாளில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் குளியலறைக் கதவைத் தாழ் போடாமல் குளித்தவராம். பார்த்து முடித்து, தன் தட்டை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ரொம்ப வருத்தமாகச் சொன்னார்:

“நாங்க பயந்ததெல்லாம் இந்த அரிசி மூட்டைக்குத்தானா, சிஸ்டர்?”

பல் வலிக்கும் அதே கேள்வி

முகமூடிப் படம் புதுசாக வரப்போகிறது என்று அந்தோணி ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டான். அவ்வளவுதான், பாசாருக்கு மீன் வாங்கப் போகிறவர்கள் எல்லாம் எங்கள் மாடிக்கு ஏற ஆரம்பித்தார்கள். "நானும் நடிச்சேன்" என்று ஒருவர். "அந்தப் பங்களாவுக்கு மீ கோரெங் பொட்டலம் கொண்டு போனது நான்தான்" என்று இன்னொருவர். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். அந்த நேரம் பார்த்து சேகர் வந்தார். பட்டர்வொர்த் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், ஒல்லி, குனிந்த தலை. "அந்தச் சாக்குக்குள்ள இருந்தது நான்தான்க்கா" என்றார். "வரிசையில நில்லுங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் நிஜமாகவே போய்ச் சுவரோரம் நின்றார். அங்கே வேறு யாருமே இல்லை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. உட்காரச் சொல்லி கோப்பி கொடுத்தேன்.

அவர் சொன்னது இதுதான். கொலைகள் எல்லாவற்றையும் செய்தது சேகர். முகமூடி கழலுகிற அந்த ஒரு காட்சிக்கு மட்டும் அந்தோணி சாக்கை மாட்டிக்கொண்டான். உள்ளே இருப்பது யார் என்று தெரியக்கூடாது என்பதற்காக இயக்குநர் சேகரின் பெயரைப் படத்தில் போடவில்லை. இப்போது கேட்க இயக்குநரும் இல்லை, கூட நடித்த பிள்ளைகளும் ஆளுக்கொரு நாட்டில். படம் எடுத்தபோது சேகர் தைப்பூசத்துக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டு விரதத்தில் இருந்தாராம். "கத்தியத் தொடவே மனசு வரலக்கா, ஒரு கூட்டாளி கேட்டானேன்னு போனேன்." அதுவரை சரி. படம் வந்த சமயத்தில்தான் அவருக்குப் பெண் பார்த்தார்கள். மாமனார் வீட்டில் பெருமையாக, படத்தில் கொலைகாரன் நான்தான் என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் ஆசையாக டேப்பை வாடகைக்கு எடுத்து, சொந்தபந்தமெல்லாம் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். முகமூடி கழன்றது. உள்ளே அந்தோணி.

கல்யாணம் நின்றுபோகவில்லை. ஆனால் பொய்யன் என்ற பட்டம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவர் வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் மனைவி விமலா ஒரே கேள்விதான் கேட்பாளாம்: "படத்துல நடிச்ச மாதிரியா?" ஓவர்டைம் என்றால் அதே கேள்வி. பல் வலி என்றாலும் அதே கேள்வி. மச்சான்மார் இன்றைக்கும் விருந்தில் அவரைப் பார்த்தால் கத்தியால் குத்துவதுபோல் காட்டிச் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கோப்பியை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஒரு சம்சாரி தன் வீட்டிலேயே இத்தனை காலம் பொய்யனாக இருப்பது என்ன பிழைப்பு, சொல்லுங்கள். எழுந்து போகும்போது கேட்டார்:

“பேர் மட்டும் எழுத்துல வந்தாப் போதும்க்கா. நான் சொன்னா நம்பாதவ, படம் சொன்னா நம்புவா.”

ஜமால் அண்ணன் காதில் விழுந்தது

ஜமால் அண்ணனுக்குப் பேய்ப் படம், ரத்தப் படம் எதுவும் ஆகாது. அதனால் இந்த வேலை முழுவதையும் திரைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டியபடியே செய்தார். டேப்பின் இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தெடுத்துக்கொண்டு வந்தவர், ஒரு நாள் மத்தியானம் "பிலோ, இங்க வா" என்று கூப்பிட்டார். முகம் ஒரு மாதிரி இருந்தது. ஹெட்ஃபோனை என் காதில் வைத்தார். கொலைகாரன் கத்தியை ஓங்குகிறான். ஓங்குவதற்கும் குத்துவதற்கும் நடுவில், சாக்குக்குள்ளிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல்: "முருகா, மன்னிச்சுக்கப்பா."

அடுத்த கொலையைப் போட்டோம். அங்கேயும் "முருகா, மன்னிச்சுக்கப்பா". அதற்கடுத்ததிலும் அதுவே. குத்து தவறினாலும் மன்னிப்புத் தவறவில்லை. நான் ஓடிப்போய் என் மேஜையில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கொலைகாரன் கடைசிவரை வெறுங்காலோடு நடக்கிறான். சட்டைக் கை மேலே ஏறுகிற இடத்தில் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு. முகமூடி கழலுகிற காட்சியில் மட்டும் காப்பும் இல்லை, காலில் பளபளவென்று சப்பாத்து வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு இத்தனை வருஷம் ஊரே சாப்பிட்டிருக்கிறது! ஜமால் அண்ணன் மட்டும் நிதானமாகத் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்:

“அந்தோணி எதுக்கு பிலோ முருகன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்? அவன் கேக்கற இடம் வேறயாச்சே.”

அரிப்பு

காசு கொடுக்கிறவனிடம் போய், கொலைகாரன் நீயில்லை என்று எப்படிச் சொல்வது? நீங்கள்தான் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. அந்தோணியை வரச்சொல்லி, உட்கார வைத்து, போட்டுக் காட்டிவிட்டேன். முதலில் சிரித்தான். பிறகு கத்தினான். "எவன்டா சொன்னான்? அந்தச் சாக்குல நான் வெந்து செத்திருக்கேன், மாடிப்படி இறங்கறதுக்கு எத்தனை தடவ ஒத்திகை பார்த்தேன் தெரியுமா?" என்று மேஜையைத் தட்டினான். கீழே மசாலாக் கடைக்காரர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் காப்புக் கயிறு தெரிகிற இடத்தில் படத்தை நிறுத்தினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்தான். ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லிச் சொல்லி, சொன்னதெல்லாம் தனக்கு நடந்ததாகவே அவனுக்குள் உறைந்துபோயிருக்கிறது. அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. திருடனைப் பிடித்தால் திட்டலாம், இவனை என்ன செய்வது? எனக்கு அவன்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய்ப் பரிதாபமாகிவிட்டது. அவன் எழுந்தான். கதவருகே கழுத்தைத் தடவிக்கொண்டே திரும்பிக் கேட்டான்:

“அந்தச் சாக்கு கழுத்துல அரிச்சது எனக்கு இப்பவும் தெரியுது பிலோ. அது எப்படி?”

சமாதானம்

அடுத்த ஞாயிறு பூசையில் எனக்கு முன் வரிசையில் அந்தோணி. சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரம் வந்தது. எல்லோரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் கைகூப்புவார்கள் இல்லையா, அவன் இடது பக்கம் திரும்பினான், வலது பக்கம் திரும்பினான், ஒரு தூணுக்குக்கூடச் சமாதானம் சொன்னான், என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. கும்பிட்ட கையோடு நான் மரம் மாதிரி நின்றேன். வேலையை நிறுத்தச் சொல்லவுமில்லை, முடிக்கச் சொல்லவுமில்லை. போன் அடித்தாலும் எடுக்கவில்லை. இடையில் சேகர் ஒருமுறை வந்து, எதுவும் கேட்காமல் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, நெய் உருண்டை கொடுத்துவிட்டுப் போனார். அந்த உருண்டையை நான் ஜமால் அண்ணன் பக்கம் தள்ளிவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு நான் வேண்டுமென்றே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். சமாதான நேரத்தில் அந்தோணி தன் வரிசையை விட்டு வெளியே வந்தான். நடுவழியில் எல்லோரும் பார்க்க நடந்து, என் முன்னால் வந்து நின்று கைகூப்பினான். கண் சிவந்திருந்தது.

“சமாதானம், பிலோ. அந்தாள் பேரை என் பேருக்கு மேல போட்டுரு.”

படியேறி வந்த சண்டை

போட்டேன். படம் முடிந்ததும் பெரிய எழுத்தில், 'முகமூடி மனிதனாக: சேகர்' என்று. முதல் தட்டை வாங்கிக்கொண்டு அவர் படியிறங்கியபோது காலில் சக்கரம் கட்டியதுபோல் போனார். கதை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூட கேன்டீன் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஒரு அம்மா படபடவென்று படியேறி வந்து, அந்தத் தட்டை என் மேஜையில் போட்டார். விமலா. "எங்க வீட்டுக்காரர்கிட்ட எவ்வளவு வாங்கிட்டுப் பேர் போட்டீங்க?" என்றார். ஐயோ சாமி! அந்தோணி அண்ணனே ஒத்துக்கொண்டார் என்றேன். "பாவம் பார்த்து யாரும் சொல்லுவாங்க." காப்புக் கயிற்றைக் காட்டினேன். "தைப்பூச மாசம் பினாங்குல யாரு கையில காப்பு இல்ல?" ஜமால் அண்ணன் கிசுகிசுப்பைப் போட்டுக் காட்டினார். "குசுகுசுன்னு பேசினா எல்லாக் குரலும் ஒண்ணுதான், பாய்." எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "முழுப் படத்தையும் உட்கார்ந்து பாருங்கம்மா, பார்த்துட்டுப் பேசுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு கொலை, இரண்டு கொலை, முகத்தில் ஒரு அசைவுமில்லை. சமையலறைக் காட்சி வந்தது. பழைய டேப்பில் அது முடிகிற இடம் மொத்தமும் இருட்டு, திடுக்கென்று இருக்கும். நானும் இயக்குநரின் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தேன். இப்போது பளிச்சென்று தெரிகிறது. கொலைகாரன் குத்தி முடிக்கிறான், கத்தியைத் துடைக்கிறான், கதவு வரைக்கும் போகிறான், நிற்கிறான். திரும்பி வந்து சுவரில் கை வைத்து ஃபேனை அடைக்கிறான். ஃபேன் நின்றுவிட்டதா என்று நிமிர்ந்து பார்க்கிறான். பிறகு லைட்டையும் அடைத்துவிட்டுப் போகிறான்.

விமலா எழுந்து நின்றுவிட்டார். "அதத் திரும்பப் போடுங்க" என்றார். போட்டேன். "இன்னொரு தடவ." போட்டேன். "நின்னுச்சான்னு பாக்கறாரு பாருங்க," என்று திரையைத் தொட்டார். "எங்க வீட்டுல தினமும் இதே எழவுதான். நான் உள்ள உக்காந்திருக்கும்போதே அடைச்சிட்டுப் போவாரு." சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. ஏப்ரனால் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினார். "எங்கப்பா அத்தனை பேரு முன்னால பொய்யன்னு சொன்னாரு சிஸ்டர். அன்னைக்கு நானும் சேர்ந்து சிரிச்சேன். அப்புறம் விடவே இல்லையே, தினமும் சொன்னேனே." ஜமால் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மிளகாய் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

சேகர் கீழேதான் நின்றிருக்கிறார். மனைவியைத் தடுக்கவும் தைரியமில்லை, மேலே வரவும் தைரியமில்லை. விமலா ஜன்னலைத் திறந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி "மேல வாங்க!" என்று கத்தினார். அடி விழப்போகிறது என்ற முகத்தோடு சேகர் வந்தார். விமலா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் முன்னாலேயே, கூச்சமில்லாமல், "என்னை மன்னிச்சிருங்க. நீங்கதான். நான் பாத்துட்டேன். ஞாயித்துக்கிழமை எங்கண்ணனுங்க எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு நானே போட்டுக் காட்டறேன்" என்றார். சேகர் தட்டின் அட்டையை எடுத்துத் தன் பெயரை விரலால் ஒருமுறை தடவினார், வைத்துவிட்டார். விமலா ஒரு மூச்சு அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் திடீரென்று ஒரு யோசனை ஓடியதை நான் பார்த்தேன்.

“அப்படின்னா இத்தனை வருஷமா நீங்க சொன்ன மத்ததெல்லாமும் உண்மைதானா?”

சேகர் என்னைப் பார்த்தார், ஜமால் அண்ணன் முதுகைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“எல்லாமேன்னு சொல்ல முடியாது, விமலா.”

கொலைகாரனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்ததற்கு, அவன் பெண்சாதியே கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டு அவனைக் காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போகிற தொழில், எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.